கோழிக்கல்லும் அடைக்கூடையும்: அசில் கோழியின் வரலாறும் ஜொகூர் மண்ணும்

முன்னுரை

தமிழரின் கோழி வளர்ப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி சேவலைப் பற்றியதேயாகும். சங்கப் பாடலில் பொருவது சேவல்; நடுகல்லில் நிற்பது சேவல்; முருகன் கொடியில் இடம்பெற்றது சேவல்; 2011-ஆம் ஆண்டில் வெற்றிமாறன் இயக்கி வெளிவந்த ‘ஆடுகளம்’ திரைப்படம் காட்டியதும் சேவலே. அச்சேவலைப் பெற்ற பெட்டையைப் பற்றியும், முட்டைகளை அடை வைத்து இருபத்தொரு நாள் காத்த மனிதரைப் பற்றியும் நம் ஆவணங்கள் ஏறத்தாழ ஒன்றும் சொல்வதில்லை. ஆயினும் வீட்டுக்கொல்லையில் அசில் வளர்ப்போரிடம் பேசிப் பார்த்தால், அவர்கள் முதலில் பேசுவது பெட்டையின் வழியைப் பற்றியே. சேவலை விலைக்கு விற்போர் உண்டு; நல்ல பெட்டையை எளிதில் கைவிடுவோர் இலர்.

இக்கட்டுரை அசில் கோழியின் வரலாற்றைப் போர்க்களத்தின் பக்கமிருந்து பாராமல், அடைக்கூடையின் பக்கமிருந்து நோக்க முற்படுகிறது. ஜொகூர் மாநிலத்தை இதற்கு நிலைக்களனாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. காட்டுக்கோழி இன்னும் இயற்கையாக வாழும் நிலம் அது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த நிலமும் அதுவே. தீவகற்பத்தின் கறிக்கோழிப் பண்ணைத் தொழிலில் முன்னணியில் நிற்பதும் அம்மாநிலமே. இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினும், அசில் கோழியின் கதையில் அவை ஓரிடத்தில் வந்து கூடுகின்றன.

சேவலுக்குக் கிடைத்த கல்

குறுந்தொகையின் 305-ஆம் பாடலை இயற்றிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் அப்பாடலில் கையாண்ட உவமையாலேயே குப்பைக்கோழியார் எனப் பெயர் பெற்றார். தலைவியின் காமநோய், ஏவுவாரும் விலக்குவாரும் இன்றிக் குப்பையில் தாமே பொருது ஓயும் கோழிகளின் போருக்கு ஒப்பிடப்படுகிறது. இவ்வுவமையை நுணுகி நோக்கினால், ஏவுவாரும் விலக்குவாரும் உடைய வேறொரு போர் அக்காலத்தே வழக்கில் இருந்தமை பெறப்படும். புலவர் அந்தக் களத்துக் கோழியை விடுத்து வீட்டுக் குப்பைக் கோழியைத் தேர்ந்துகொண்டார் என்பது இங்கே கருதத்தக்கது. சங்க இலக்கியத்தில் வீட்டுக் கோழியால் பெயர் பெற்ற புலவர் இவர் ஒருவரே.

பிற்காலத்தில் ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை, கோழி வென்றி என ஒரு துறையையே வகுத்தது. உறையூருக்குக் கோழி என்றொரு பெயர் உண்டு; யானையோடு பொருது வென்ற சேவலின் கதை அப்பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இவற்றையெல்லாம் விஞ்சும் சான்று விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் கிடைத்த நடுகல். ஏறத்தாழக் கி.பி. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல்லில் சேவலின் உருவம் செதுக்கப்பட்டு, முகையூர் மேற்சேரியின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. போரில் இறந்த வீரனுக்கு எடுக்கும் கல்லை ஒரு பறவைக்கு எடுத்த சமூகம் அது. கல்லில் சேவல் எந்தச் சேரிக்காக ஆடியது என்பது உண்டு. எந்தப் பெட்டையின் குஞ்சு என்பது இல்லை.

பெயரும் இனமும்

அசில் என்பது அரபு மொழிச் சொல். தூய வழியினது, மூலத்தினது என்பது அதன் பொருள். கடன் பத்திரங்களில் நாம் நாள்தோறும் வழங்கும் ‘அசல்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. ஆகவே ‘அசல் அசில்’ என்று கோழி வளர்ப்போர் பேசிக்கொள்ளும்போது, தம்மையறியாமல் ஒரே சொல்லை இருமுறை கூறுகின்றனர். தமிழகத்தில் உருவின் அளவு கருதிப் பெருவிடை, சிறுவிடை எனப் பிரிப்பர். காகம், மயில், வல்லூறு, கீரி என்பன நிறம் பற்றிய பெயர்கள். வெள்ளை நிறத்தை நூரி என்பதில் மீண்டும் அரபு மொழியின் சாயல் தெரிகிறது. ஒரு பறவையின் பெயர்ப் பட்டியலே வணிக வழிகளின் வரலாறாக அமைந்துவிடுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

உடலமைப்பில் அசில் எளிதில் அடையாளம் காணத்தக்கது: நிமிர்ந்த நடை, நீண்ட கழுத்து, உறுதியான கால், உடலோடு ஒட்டிய கடின இறகு, சிறிய பட்டாணிக் கொண்டை. சேவல் மூன்று முதல் நான்கு கிலோகிராம் வரை எடை தாங்கும். இத்தன்மைகள் பலவும் மலாய்த் தீவகற்பத்தின் பெயராலேயே உலகம் அறிந்த மற்றோர் இனத்துக்கும் பொருந்தும். ஏறத்தாழ 1830-களில் இங்கிலாந்து சென்றடைந்த நெட்டுயரக் கோழியை ஆங்கிலேயர் ‘மலாய்’ என்றே அழைத்தனர். 1865-ஆம் ஆண்டில் அந்நாட்டில் முதன்முதலாக அச்சான கோழியினத் தரநூலிலும் அது இடம்பெற்றது. ஜப்பானியரின் ‘ஷாமோ’ சயாம் நாட்டின் பெயரைத் தாங்கியது. வங்காள விரிகுடாவுக்கு இருபுறமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பறவைகள் பரவியிருந்தன என்பதே இதனால் புலனாகிறது. தமிழர் இந்நாட்டிற்கு வந்தபோது, தம் ஊர்க் கோழிக்கு உறவான ஒரு கோழியையும் அதனை ‘சாபோங்’ என்னும் போரில் விடும் மலாய் வழக்கத்தையும் இங்கே கண்டனர்.

பெட்டை வழி

கோழியின் பூர்வீகத்தை மரபணுவியல் தேடத் தொடங்கியபோது முதலில் கையில் கிடைத்தது பெட்டையின் வழிதான் என்பது சுவையான செய்தி. உயிரணுவின் இழைமணிகளில் உள்ள மரபுப்பொருள் தாயிடமிருந்து மட்டுமே குஞ்சுக்குச் செல்கிறது. ஜப்பானிய இளவரசர் ஃபுமிஹித்தோவும் அவர்தம் குழுவினரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு, இதனை அடிப்படையாகக் கொண்டு தாய்லாந்துப் பகுதியின் செங்காட்டுக்கோழியைக் கோழிகளின் தாய்வழி மூதாதையாகச் சுட்டியது. 863 கோழிகளின் முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட 2020-ஆம் ஆண்டு ஆய்வு அதனைத் திருத்தி, தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் கிளையினத்திடம் கொண்டுசேர்த்தது. ஐயத்திற்கிடமற்ற மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் நடுத் தாய்லாந்தின் பான் நோன் வாட்டில் கிடைத்தவை என்றும், அவை கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை என்றும் 2022-இல் வெளிவந்த ஆய்வு கூறியது.

தென்னிந்தியாவின் பங்கும் இதில் இல்லாமற் போகவில்லை. உலகக் கோழிகள் பலவற்றின் தோல் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு, செங்காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை; தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என 2008-இல் நிறுவப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் எங்கோ வீட்டுக் கோழியும் காட்டுக் கோழியும் கூடியதன் தடம் அது.

வளர்ப்போரின் அனுபவ அறிவு இவ்வாய்வுகளுக்கு வெகு முற்பட்டது. ஒரு பெட்டை, சேவலோடு கூடிய பின் இரண்டு மூன்று வாரங்கள் வரை கருவுற்ற முட்டைகளை இட வல்லது. சேவலின் விந்து அதன் உடலிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். எனவே குஞ்சின் தந்தை யார் என்பதில் தெளிவு வேண்டுவோர், சேவலை மாற்றிய பின் மூன்று வாரம் வரை இடும் முட்டைகளை அடை வைப்பதில்லை. உடன்பிறப்புகளையே தலைமுறை தோறும் சேர்த்தால் பொரிப்பு குறையும், குஞ்சு நலியும் என்பதையும் அவர்கள் அறிவர். ஆதலால் தாய் வழியை நிலையாக வைத்துக்கொண்டு சேவலை வெளியிலிருந்து கொணர்வது பலரது வழக்கம்.

இந்த அறிவைச் சரிவரப் பெறாமல் பறவையை மட்டும் எடுத்துச் சென்றவர் கதை ஒன்று உண்டு. கார்ன்வால் பகுதியின் பாட்மினில் 1785-இல் பிறந்து வங்காளப் படையில் பணிபுரிந்த சர் வால்டர் கில்பர்ட், அசிலை ஆங்கிலப் போர்க்கோழியோடு கலந்து வெல்லற்கரிய சேவலை உருவாக்க எண்ணினார் என்பது வழிவழிச் செய்தி. கிடைத்ததோ மார்பு பருத்து, கால் குறுகி, போருக்கு உதவாத பறவை. ஆனால் அதன் இறைச்சி மிகுதி. கார்னிஷ் எனப்பட்ட அவ்வினமே பின்னர் அமெரிக்காவில் கறிக்கோழிக்கு அடித்தளமாயிற்று. 1948-இல் அங்கு நடந்த ‘நாளைய கோழி’ப் போட்டியில் சார்லஸ் வான்ட்ரெஸ் என்பார் கார்னிஷ் கலப்பினத்தைக் கொண்டு வென்றார். கார்னிஷ் சேவலும் வெள்ளை பிளைமவுத் ராக் பெட்டையும் சேர்ந்த வழியே இன்று உலகெங்கும் பண்ணைகளை நிறைத்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் நாள் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, மாதம் 36 இலட்சம் கோழிகள் வரை எல்லை கடப்பது தடைப்பட்டுச் சிங்கப்பூர்க் கோழிச்சோற்றுக் கடைகள் திகைத்தன. அந்தத் தட்டில் இருந்த கோழியும் ஒருவகையில் அசிலின் பேத்தியே.

லயத்துக் கொல்லை

ஜொகூரின் ஊடே செல்லும் இரயில் பாதை 1909-இல் நிறைவுற்றது. அதன் இருமருங்கிலும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் வந்த தொழிலாளர்க்கு லயமும் கூலியும் கிடைத்தன. லயத்தையொட்டிய சிறு நிலமும் காலப்போக்கில் கிடைத்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்றது. ஜொகூரும் அதையொட்டித் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. ஏட்டிலிருந்த நிலம் எல்லாத் தோட்டங்களிலும் கொல்லையாக மாறியதென்று சொல்லிவிட முடியாது. எனினும் கீரைப்பாத்தி, ஆட்டுப்பட்டி, கோழிக்கூடு ஆகிய மூன்றும் தோட்டப்புற வாழ்வின் அடையாளங்களாயின.

அக்கூட்டிலிருந்த கோழி பெரும்பாலும் கலப்பினமே. அதனைப் பேணியவர் பெரும்பாலும் பெண்கள். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லவேண்டியவர்கள், அதற்கும் முன்பே பஞ்சாரத்தைத் திறந்து தீனி வைத்தனர். முட்டை வீட்டுச் செலவுக்கானது. சேவல் முனியாண்டிக்கோ மதுரைவீரனுக்கோ நேர்ந்துகொண்டது. மருமகன் வந்தால் அடித்துக் குழம்பு வைப்பதும் அதுவே. அடைப்பெட்டையை மட்டும் எவரும் தொடுவதில்லை. வங்கிக் கணக்கு இல்லாத காலத்தில் அதுவே வீட்டின் முதல் என்றால் மிகையாகாது. தோட்டப்புற வரலாற்றை எழுதியோர் கூலி, கள்ளுக்கடை, கோயில், பள்ளி ஆகியவற்றுக்கு அளித்த இடத்தில் ஒரு சிறு பகுதியையேனும் இந்தக் கூட்டுக்கு அளித்திருக்கலாம்.

இரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புப் பகுதியாகியபோது கொல்லை சுருங்கிற்று. 2006-இல் தென் ஜொகூரில் தொடங்கிய இஸ்கந்தார் வளர்ச்சித் திட்டத்திற்குப் பின் இம்மாற்றம் விரைவுபெற்றது. வரிசை வீட்டின் பின்புறத்தில் நான்கு பெட்டைகளையும் ஒரு சேவலையும் வைத்துக்கொள்வோருக்கு இன்று முதல் எதிரி சேவலின் கூவலே. ஒளி வருமுன்பே தன் உடற்கடிகாரத்தைக் கொண்டு சேவல் கூவுகிறது என்பதை நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர் 2013-இல் மெய்ப்பித்தனர்; அண்டை வீட்டார்க்கு அதனை எடுத்துரைத்துப் பயனில்லை.

அடை வைத்தல்

அசில் பெட்டை மிகுதியாக முட்டையிடுவதில்லை. முட்டைக்காகவே உருவாக்கப்பட்ட பண்ணைக் கோழி ஆண்டுக்கு முந்நூறு இடும். அசில் சில பத்துகளோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் பண்ணைக் கோழி இழந்துவிட்ட ஒன்றை அசில் இழக்கவில்லை. அதுதான் அடைகாக்கும் இயல்பு. முட்டை எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக அவ்வியல்பைத் தலைமுறை தலைமுறையாக நீக்கினர் பண்ணையாளர். அசிலை வளர்த்தோர்க்கு அத்தேவை எழவில்லை.

அடைக்குரிய முட்டைகள் ஒரு வாரத்துக்கு மேற்படாதவையாக இருத்தல் நன்று. கூர்முனை கீழாக, குளிர்ந்த இடத்தில் வைக்கப்படும். ஒரு பெட்டையின் மார்பு பத்துப் பன்னிரண்டு முட்டைகளையே நன்கு மூடும். பேராசையால் பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டைகள் முறைவைத்துக் குளிர்ந்து அனைத்தும் பாழாகும். கூடையின் அடியில் மணலும் அதன்மேல் வைக்கோலும் இடுவது தமிழக முறை. வைக்கோல் அரிதான இந்நாட்டில் உலர்ந்த லாலான் புல்லும் அதற்கு ஈடாகும். இடியால் கரு கலங்காதிருக்க இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் ஆகியவற்றைக் கூடையில் இடும் வழக்கமும் உண்டு. இடியை மிளகாய் தடுக்குமா என்பது வேறு. பிற்பகல் தோறும் இடி முழங்கும் ஜொகூரில் இவ்வழக்கத்திற்கு வேலை மிகுதி.

பெட்டை நாளுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் மட்டுமே எழுந்து, தின்று, குடித்து, எச்சமிட்டு மீளும். ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளியில் பிடித்தால், கருவுற்றதில் செந்நரம்புகள் சிலந்திவலைபோலப் பரந்திருக்கும்; தெளிந்து தோன்றுவது கருவற்றது; அதை உடனே அகற்றாவிடின் கூமுட்டையாகி நாறும். பதினெட்டாம் நாளுக்குப் பின் முட்டையைத் தொடலாகாது. இருபது அல்லது இருபத்தொன்றாம் நாள் ஓட்டில் விரிசல் தோன்றும். அப்போது இரக்கங்கொண்டு ஓட்டை உரித்துவிடுவது பெருந்தீங்காக முடியும். மஞ்சட்கரு முழுதும் வயிற்றுக்குள் ஏறுமுன் வெளிவந்த குஞ்சு பிழைப்பதரிது. முறையாகப் பொரித்த குஞ்சோ அம்மஞ்சட்கருவைக் கொண்டே இரண்டு நாள் தீனியின்றித் தாங்கும்.

இன்று பலர் பொரிப்பு இயந்திரத்தை நாடுகின்றனர். காற்றோட்ட விசிறியுள்ள இயந்திரத்தில் வெப்பம் 37.5 பாகை செல்சியசில் நிற்க வேண்டும். பதினெட்டாம் நாள் வரை முட்டையை நாளுக்கு மும்முறையேனும் திருப்ப வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகளைப் பின்பற்றித் தொட்டி நிறைய நீர் வைப்போர் இங்கே ஏமாற்றம் அடைகின்றனர். முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 அல்லது 13 விழுக்காட்டை ஆவியாக இழந்தால்தான் குஞ்சு மூச்சுவிடத் தக்க காற்றறை உள்ளே அமையும். ஜொகூரின் ஈரக்காற்று, நீர் சேர்க்காமலே இயந்திரத்தின் வெப்பத்திற்கு ஏறும்போது ஐம்பது விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தைத் தந்துவிடுகிறது. முதல் பதினெட்டு நாளுக்கு அதுவே போதும். இறுதி மூன்று நாளுக்குத்தான் நீர் தேவை. குளிர்நாட்டு நூல் சொல்லாத இந்த அறிவு, கையேட்டை மூடிவைத்துவிட்டுத் தம் முட்டைகளைக் கவனித்தோர்க்கு வாய்த்தது.

இயந்திரம் குஞ்சைத் தரும், தாயைத் தராது. பெட்டையோடு திரிந்த குஞ்சு பருந்தின் நிழலை அறியும், கிளறித் தின்னப் பழகும். அசில் குஞ்சுகள் சில வாரங்களிலேயே ஒன்றையொன்று கொத்தத் தொடங்குவதால், தாய் அருகில் இருப்பது காயங்களைக் குறைக்கவும் உதவும். வளர்ந்த சேவற்குஞ்சுகளைத் தனித்தனியே பிரித்தே ஆகவேண்டும். வரிசை வீட்டுக்காரர் பலர் தடுமாறுவது இக்கட்டத்தில்தான்.

சட்டமும் நோயும்

இங்கிலாந்து 1835-இல் கோழிப்போரைத் தடை செய்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1845-இல், இலண்டன் விலங்குக் காட்சியகத்தில் முதற்பெருங் கோழிக் கண்காட்சி நடந்தது. போர் நின்றதும் இனம் அழியவில்லை. தரநூலும் வழிப்பட்டியலும் எழுதி அதனை நிலைபெறச் செய்தனர். இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பறவைகளை மோதவிடுவதைக் குற்றமாக்கிற்று. மலேசியாவில் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் விலங்குகளை மோதவிடுவதைத் தடுக்கிறது. காலில் கத்தி கட்டிய பறவை குருதி சிந்துவதைக் கலை என்று இன்றும் வாதிடுவோருடன் இக்கட்டுரையாசிரியர்க்கு உடன்பாடில்லை. ஆனால் அசில் வளர்ப்பவர் அனைவரையும் சூதாடிகளாகக் காணும் பார்வையும் நேர்மையற்றது. சட்டம் தடுப்பது போரை. அடை வைப்பதை அன்று.

நோயின் அச்சுறுத்தல் இதனினும் கடுமையானது. 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிளந்தான் மாநிலத்துத் தும்பாட்டில் மலேசியாவின் முதல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, தாய்லாந்திலிருந்து கள்ளத்தனமாகக் கொணரப்பட்ட சண்டைச்சேவல்கள் மீதே ஐயம் சென்றது. சிங்கப்பூர் தீவகற்பம் முழுவதன் கோழிகளையும் ஏற்க மறுத்தது. நோய் எட்டாத ஜொகூர்ப் பண்ணைகளும் அடிபட்டன. சேவலைக் களத்துக்குக் களம், நாட்டுக்கு நாடு கொண்டுசெல்வதே ஆபத்து. ஒரே கொல்லையில் முட்டையிட்டு ஒரே கூடையில் பொரிக்கும் பறவைக்கு அவ்வாபத்து குறைவு.

வெள்ளைக்கழிச்சல் அப்படியன்று, அது எந்தக் கொல்லையையும் தேடிவரும். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் இனங்காணப்பட்ட அந்நோய், நாட்டுக்கோழிக் கூட்டங்களை ஒரே வாரத்தில் வெறுமையாக்கும். பண்ணைகளுக்குரிய தடுப்பு மருந்து குளிர்ப்பெட்டியை நம்பியது. லயத்துக் கொல்லைக்கு அது எட்டவில்லை. 1980-களில் மலேசிய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஆஸ்திரேலிய ஆய்வாளரோடு இணைந்து, வெப்பத்தைத் தாங்கும் ‘வி4’ வகை நச்சுயிரைத் தீனியில் கலந்து கொடுக்கும் முறையைச் சோதித்தனர். பிற்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான ஐனி இட்ரிஸ் அம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர். ஊசியும் குளிர்ப்பெட்டியுமின்றி, கைப்பிடித் தீனியால் நாட்டுக்கோழியைக் காக்கும் அம்முறை பின்னர் ஆப்பிரிக்க, ஆசியச் சிற்றூர்களிலும் முயலப்பட்டது.

இன்று ஜொகூரில் அசில் வளர்ப்போர் குஞ்சின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டுகின்றனர். கைப்பேசியில் சேவலின் படமும், அதன் தந்தையின் பெயரும் எடையும் இருக்கும். தாயின் எண்ணைக் குறித்து வைப்போர் சிலரே. பழைய தோட்டத்து மூதாட்டியரிடம் கேட்டால் எந்தக் குஞ்சு எந்தப் பெட்டையினது என்று கூட்டைப் பாராமலே சொல்வர். அவர்கள் அதை எழுதி வைத்ததில்லை. எழுதத் தெரிந்த பேரப்பிள்ளைகள், இரண்டு கட்டம் இருக்கும் குறிப்பேட்டில் ஒன்றை மட்டும் நிரப்பி வருகின்றனர்.